வகுப்பு போதும், கட்டிலுக்கு ஒரு பாட்டில் வையுங்கள்: குமரி மாவட்ட மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். கல்குளம் தாலுகாவில் பிறந்து, இங்கேயே நர்சிங் படித்து, கொஞ்ச காலம் வளைகுடாவிலும் மற்ற காலமெல்லாம் இந்த மாவட்டத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெறும்போது தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருந்தேன். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி தொடங்கி தாலுகா மருத்துவமனைகள், மிஷன் மருத்துவமனைகள், மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் தெருவுக்குத் தெரு இருக்கும் இருபது, முப்பது படுக்கை மருத்துவமனைகள் என்று எல்லோருக்கும் சேர்த்தே, மருத்துவமனைக்குள் தொற்று பரவாமல் தடுப்பதைப் பற்றி இதை எழுதுகிறேன்.

ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் புண் சீழ் பிடிக்கிறது. அல்லது ஐ.சி.யு.வில் அடுத்தடுத்து இரண்டு பேருக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது. நம் மருத்துவமனைகளில் உடனே நடப்பது, நர்ஸ்களைக் கூப்பிட்டுக் கை சுத்தம் பற்றி ஒரு வகுப்பு. மே 5, உலகக் கை சுகாதார நாள் வந்தால் இன்னொரு வகுப்பு. மருத்துவமனைத் தரச் சான்றுக்கான என்.ஏ.பி.எச். ஆய்வோ, தூய்மைக்கான அரசின் காயகல்ப் ஆய்வோ வருகிறது என்றால் மூன்றாவது. முன்னும் பின்னும் கேள்வித்தாள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, குரூப் போட்டோ. இப்படி எத்தனையோ வகுப்புகளை நானும் நடத்தியிருக்கிறேன். மதிப்பெண் நன்றாகவே வரும். நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுவது மாதிரியான சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ கையில் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டிலையும் மேசையையும் தொட்ட பின் என்று கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கழிவைப் பிரிப்பதில், ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள் பை, டிரிப் செட்டுக்கும் கையுறைக்கும் சிவப்பு, ஊசிக்கு வெள்ளைப் பெட்டி, மருந்துக் குப்பிக்கு நீலம். அதிலும் தப்பு வராது. அதே நர்ஸை அன்று ராத்திரி வார்டில் போய்ப் பாருங்கள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கை சுத்தம் செய்யாமல் போய்க்கொண்டிருப்பார்.

இதை அலட்சியம் என்று எழுதி மெமோ கொடுக்கிறோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த நர்ஸுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைச் செய்ய வார்டில் வழி இல்லை. வழி செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

இதற்கு நம் மாவட்டமே சாட்சி. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் வெளிநாட்டில் நர்ஸாக ஒரு பிள்ளை இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சவுதி, குவைத், ஓமன், இப்போது இங்கிலாந்து, அயர்லாந்து. அங்கே போன பிள்ளை இங்கே படித்த அதே பிள்ளை. அதே பாடம், அதே டீச்சர். போன ஒரு மாதத்திலேயே நோயாளியைத் தொடும் முன் கை தானாகப் பாட்டிலுக்குப் போகிறது. நான் போனபோதும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஹேண்ட் ரப், அதாவது தண்ணீர் இல்லாமல் கையில் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவப் பாட்டில், மாட்டியிருந்தது. காலியானால் மாற்றுவதற்கென்று ஓர் ஆள். ஒரு ஷிப்டில் என் பொறுப்பில் இத்தனை நோயாளிகள்தான் என்று ஒரு வரம்பு. மாதம் ஒருமுறை யாராவது வார்டின் ஓரத்தில் நின்று, கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் எத்தனை, செய்தது எத்தனை என்று குறித்துக்கொண்டு போவார். அந்த எண் டாக்டர்களுடையதும் சேர்த்து வார்டு சுவரில் ஒட்டப்படும். அப்படிப் பழகி ஊர் திரும்பிய பிள்ளைகள் இங்கே வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களில் பழக்கத்தை விட்டுவிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கை நீட்டினால் அங்கே பாட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ராத்திரி டூட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நர்ஸுக்கு 25 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். இதைவிட அதிகம் பார்க்கும் வார்டுகளும் உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குத் தொடும் முன் ஒரு தடவை, தொட்ட பின் ஒரு தடவை என்று மிகக் குறைவாக வைத்தாலே ஒரு சுற்றுக்கு 50 தடவை. சோப்புப் போட்டுத் தண்ணீரில் முறையாகக் கழுவ உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. வாஷ்பேசின் இருப்பதோ வார்டின் ஒரு கோடியில். போய்வரும் நேரத்தையும் ஈரம் துடைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை நிமிடம். ஆக 75 நிமிடம், ஒரே ஒரு மருந்துச் சுற்றுக்கு. அதற்குள் ஒருவருக்கு டிரிப் தீர்ந்திருக்கும், ஒரு குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்திருக்கும், கேஷுவாலிட்டியிலிருந்து ஒரு அட்மிஷன் வந்து நிற்கும். எந்த நர்ஸும் வாஷ்பேசின் முன்னால் 75 நிமிடம் நிற்க முடியாது. நோயாளியை நினைத்தால் நிற்கவும் கூடாது.

ஆல்கஹால் ஹேண்ட் ரப்புக்கு 20 முதல் 30 விநாடி. கட்டிலோடு பாட்டில் இருந்தால் அடுத்த கட்டிலுக்கு நடக்கிற நடையிலேயே கை காய்ந்துவிடும். கையில் ரத்தமோ சளியோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்த பிறகும் அதுவே பாதுகாப்பு. மற்ற நேரமெல்லாம் ரப் போதும்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994-இல் எண்ணிப் பார்த்தபோது, கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 48 சதவீதத்தில்தான் செய்திருந்தார்கள். சுவிட்சர்லாந்திலேயே நிலைமை அதுதான். கட்டில் கட்டிலாக ரப் வைத்தார்கள், சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள், எண்ணிய கணக்கை அந்தந்த வார்டுக்கே திருப்பிச் சொன்னார்கள், நிர்வாகம் பணத்தோடும் ஆளோடும் முன்னால் நின்றது. 1997-இல் அது 66 சதவீதம் ஆனது. அதே காலத்தில், மருத்துவமனையில் வந்து தொற்று வாங்கிக்கொண்டவர்களின் அளவு 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. அவர்கள் செய்த நான்கு வேலைகளில் நாம் எடுத்துக்கொண்டது போஸ்டரை மட்டும்.

ரப் வாங்கக் கட்டுப்படியாகாது என்ற பதிலை நான் பல தடவை கேட்டாயிற்று. உலக சுகாதார நிறுவனம் செய்முறையையே கொடுத்திருக்கிறது. 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி, மீதிக்குக் கொதித்து ஆறிய தண்ணீர். கலந்து 72 மணி நேரம் வைத்திருந்து எடுக்க வேண்டும். கைத்தோல் வெடிக்காமல் இருக்கத்தான் கிளிசரால். சொந்த மருந்தகமும் ஃபார்மசிஸ்ட்டும் உள்ள பெரிய மருத்துவமனைகள் தேவையான அனுமதியோடு தாங்களே தயாரிக்கலாம். சிறியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். காலி பாட்டிலைக் கழுவாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம்.

வாங்குகிற இடங்களிலும் ஒன்று நடக்கிறது. இன்சார்ஜ் சிஸ்டரின் அலமாரியில் ரப் பாட்டில்கள் வரிசையாகப் பூட்டியிருக்கும். ஆய்வு அன்று வெளியே வரும், மறுநாள் உள்ளே போய்விடும். ஸ்டாக் குறைந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? அதனால் குறையாமல் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் கேட்கும் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். ஏன் இவ்வளவு செலவானது என்று கேட்காமல், ஏன் இவ்வளவு கம்மியாகச் செலவானது என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் படிவம் 1,000 நோயாளி-நாளுக்குக் குறைந்தது 20 லிட்டர் ரப் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள். 100 படுக்கையும் நிரம்பிய மருத்துவமனையில் 10 நாளில் 1,000 நோயாளி-நாள் வந்துவிடும். மாதத்துக்கு 60 லிட்டர். உங்கள் கடைசி மாத இன்டென்டை, அதாவது ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதிய சீட்டை, எடுத்துப் பாருங்கள். கேள்வித்தாள் மதிப்பெண்ணைவிட அந்தத் தாள் உண்மையைச் சொல்லும்.

டாக்டர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெனீவாவிலும் நர்ஸ்களைவிட டாக்டர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு வயிற்றைத் தொட்டால், பின்னால் வரும் டியூட்டி டாக்டரும் சிஸ்டரும் மாணவியும் தேய்ப்பார்கள். அவர் முழுக்கைச் சட்டையோடும் வாட்சோடும் ஒவ்வொரு கட்டிலாகத் தொட்டுக்கொண்டே போனால், நான் எடுத்த வகுப்பெல்லாம் அந்த ஒரு ரவுண்ட்ஸில் போச்சு. ஒரு நர்ஸ் ஒரு கன்சல்டன்டிடம் “சார், கை” என்று சொல்லும் துணிச்சலை நீங்கள் கொடுத்தால்தான் உண்டு. நாங்களாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி, எனக்கு மிகவும் வேதனையான இடத்துக்கு வருகிறேன்.

ஒரு மருத்துவமனையில், தூய்மைப் பணி செய்யும் ஓர் அக்கா கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு மாப் போட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். ஊசி குத்தினதாம். வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டிய ஊசி, யாரோ சாதாரணக் குப்பைப் பையில் போட்டது, பையை இறுக்கிக் கட்டும்போது வெளியே துருத்தியிருக்கிறது.

“எப்பக்கா குத்திச்சு?”

“முந்தா நாளு சிஸ்டரே. சின்னக் குத்துதான்.”

“அப்பவே ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா சூப்பர்வைசர் நாளைக்கி வரண்டாம்னு சொல்லிருவாவ. ரெண்டு பிள்ளைய படிச்சிட்டு இருக்கு.”

யார் நோயாளியின் ஊசி என்று கண்டுபிடிக்க வழியில்லை. அவரைக் கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் காண்டிராக்டர் கணக்கில் இருந்த ஆள். மருத்துவமனையின் தடுப்பூசிப் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. பிறகு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு நாங்கள் யாரும் காரணமில்லை.

தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கு 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி வகைக்கு 2 சதவீதத்துக்குள், எச்.ஐ.வி.க்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் ஆபத்து அதிகமானது தடுப்பூசி உள்ள பி வகைதான். 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு பார்த்து, மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். குத்தியதை மறைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இங்கே விலை உண்டு. அந்த அக்காவை மறைக்க வைத்தது வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை எந்த வகுப்பும் போக்காது.

2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சியும் உடல் பரிசோதனையும் வேண்டும். பாதுகாப்புக் கவசம் கொடுக்க வேண்டும். விபத்து நடந்தால் பதிவு செய்ய வேண்டும். சம்பளம் யார் கணக்கில் போகிறது என்று விதி கேட்கவில்லை. உங்கள் கட்டிடத்துக்குள் குப்பைப் பையைத் தூக்குகிறவர் உங்கள் பொறுப்பு. நாம் எடுக்கும் வகுப்புகளுக்கு இந்த அக்காமார்களை உட்கார வைக்கிறோமா? பெரும்பாலும் அவர்கள்தான் அந்த வகுப்பறையைக் கூட்டி, நாற்காலி போட்டுவிட்டு வெளியே போகிறவர்கள்.

2018 மே மாதம் நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி அதே நோய்க்குப் பலியானார். அவர் கவனித்த நேரத்தில் அது நிபா என்று யாருக்கும் தெரியாது. எந்த நோயாளியிடம் என்ன இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான், எல்லோரிடமும் ஒரே மாதிரி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது. காய்ச்சலும் இருமலுமாக வருகிறவருக்கு அருகில் போக ஒரு முகக்கவசத்தை ஸ்டோரில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில், அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது?

கையுறை விஷயத்தில் ஒரே வார்த்தை. ஒரே ஜோடியோடு வார்டு முழுக்கச் சுற்றுவது கையுறை போடாததைவிட மோசம், ஏனென்றால் அந்தக் கை சுத்தமாக இருக்கிறது என்று போட்டவரே நம்பிவிடுகிறார். அதுவும் நடப்பது பெட்டி எண்ணிக் கொடுக்கப்படுவதால்.

நம் ஊர் மழையைப் பற்றி எந்த வழிகாட்டி நூலும் எழுதாது, நாம்தான் யோசிக்க வேண்டும். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் என்று வருஷத்தில் இரண்டு மழைக்காலம் நமக்கு. சிறிய மருத்துவமனைகளில் ஆபரேஷன் தியேட்டர் துணி மொட்டைமாடிக் கொடியில்தான் காய்கிறது. மழை நாளில் ஈரம் முழுசாகப் போகாத துணியை மடித்து, நீராவிச் சூட்டில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் நெருக்கி அடுக்கி, அவசரத்தில் எடுத்துவிடுகிறார்கள். வெளியே வரும் பொட்டலம் தொட்டால் ஜில்லென்று ஈரமாக இருக்கும். மேலே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், அதைப் பார்த்துச் சரி என்று தியேட்டருக்கு அனுப்புவார்கள். அந்தக் கோடு சூடு பட்டது என்பதைத்தான் சொல்லும். உள்ளே கிருமி செத்ததா என்று அதற்குத் தெரியாது. ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே ஊறிப் போகும், ஈரப் பொட்டலத்தைச் சுத்தமானதாக எடுத்துக்கொள்ளவே கூடாது. சாதாரண ஆட்டோகிளேவில் துணிப் பொட்டலத்துக்கு 121 டிகிரியில் 30 நிமிடம், அதன் பிறகு உலரும் நேரம் தனி. கிருமி வித்து உள்ள சோதனைக் குப்பியை வாரம் ஒருமுறையாவது உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு டிரையர் மெஷின் வாங்குவது ஒரு ஏ.சி. வாங்குவதைவிடப் பெரிய செலவு இல்லை. ஆனால் வரவேற்பறையில் ஏ.சி.யை எல்லோரும் பார்க்கிறார்கள், டிரையரை யாரும் பார்ப்பதில்லை.

நோயாளிக்குத் துணை இருப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. நர்ஸ் போதாத வார்டில் யூரின் பேக்கைத் தூக்குவதும், சாய்ப்பதும், துடைப்பதும் அம்மாவோ மனைவியோதான். பேக் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது என்று அவர்களிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் இருக்கிற நர்ஸ் வேண்டும்.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, நம்மைப் போன்ற நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஒரு தொற்று வருகிறது என்கிறது. பணக்கார நாடுகளில் அது 7. அப்படித் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். 1838-இல் நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் நம்முடையது. வெளியூரிலிருந்தெல்லாம் நம்பி வருகிறார்கள். வந்தவர்கள் இங்கே ஒரு புது நோயை வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த வகுப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ரப் பாட்டில் மாட்டுங்கள், காலியானதை மாற்றும் பொறுப்பை ஓர் ஆளுக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள். மாத நுகர்வை நீங்களே பாருங்கள். ஊசி குத்தியதைச் சொன்ன எவருக்கும் வேலை போகாது என்று எழுத்தில், தமிழில், உங்கள் கையெழுத்தோடு ஒட்டுங்கள். காண்டிராக்ட் ஒப்பந்தத்திலேயே தடுப்பூசியைச் சேருங்கள், மூன்றாவது ஊசி போட்ட தேதிவரை பதிவேட்டில் இருக்கட்டும். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸை அந்த வேலைக்கு மட்டும் விடுங்கள். 250 படுக்கைக்கு முழுநேரமாக ஒருவராவது வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. காலையில் வார்டு டூட்டி, மதியம் இன்ஷூரன்ஸ் ஃபைல், நேரம் இருந்தால் தொற்றுக் கட்டுப்பாடு என்று அவரை அலைய விட்டால் பதிவேடு மட்டும்தான் நிரம்பும். தனியாக ஒருவரை வைக்க முடியாத சிறு மருத்துவமனைகள் ஒரே ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். மார்த்தாண்டத்தில் இது நாளைக்கே நடக்கக்கூடிய காரியம்.

கழிவு விதிப்படி உங்கள் ஆண்டறிக்கையை மருத்துவமனை இணையதளத்தில் போட வேண்டும் என்று இருக்கிறது. அதைப் போடுங்கள். கூடவே அந்த ஆண்டு எத்தனை லிட்டர் ரப் செலவானது, எத்தனை பேருக்கு ஊசி குத்தியது, எத்தனை தூய்மைப் பணியாளருக்கு மூன்று தடுப்பூசியும் முடிந்தது என்ற மூன்று எண்களையும் சேர்த்துப் போடுங்கள். ஊசி குத்தியது பூஜ்யம் என்று எந்த மருத்துவமனையாவது போட்டால் நான் நம்ப மாட்டேன்.

தூய்மைப் பணி செய்யும் அக்காமார்களுக்கு, அவர்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில், அவர்கள் பேசுகிற பேச்சிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். வரும்போது அவர்களுக்கான தடுப்பூசி மருந்து ஃப்ரிட்ஜில் தயாராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் ஒருவர்,
கல்குளம் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்